காற்றாடி நின்ற பிறகு

மூச்சை உள்ளே இழுங்க என்கிறாள் எஸ்தர். இழுக்கிறேன். மெதுவா வெளியே விடுங்க என்கிறாள். அங்கேதான் எனக்குச் சிக்கல். இழுப்பதில் நான் கெட்டிக்காரி, இந்த யோகா வகுப்பில் என்னைப் போல இழுக்க ஆளில்லை. விடும்போதுதான் மூச்சோடு சேர்ந்து எது எது கிளம்பி வருமோ என்று பயமாக இருக்கிறது. நேற்று மகள் மதி ஆசைப்பட்டாளே என்று வாழைக்காய் பஜ்ஜி போட்டேன். ஒன்றைப் பிய்த்துத் தின்றுவிட்டு போதும்மா என்று தட்டைத் தள்ளிவிட்டாள். எண்ணெய்யில் போட்ட பண்டத்தைக் குப்பையில் கொட்ட மனசு வராமல் மிச்சத்தை நானே தின்று தீர்த்தேன். அது இப்போது வயிற்றுக்குள் ரதவீதி சுற்றிக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் பாயில் மூன்றாம் மாடி ராஜாத்தி மதினி கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். கண்ணைத்தான் மூடியிருக்கிறாள், காது திறந்தேதான் இருக்கும். இந்தக் குடியிருப்பில் தண்ணீர் வராதென்றாலும் லிஃப்ட் ஓடாதென்றாலும் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அறிவிப்புப் பலகைக்கு வேலையில்லை. நல்லவேளை, தலைக்கு மேல் காற்றாடி கடகடவென்று ஓடுகிறது. அது ஓடும்வரை எனக்கு மானம் இருக்கிறது. தினமும் ஆரம்பிக்கும்போது எஸ்தர் சொல்வாள், ஏப்பம் வந்தா விடுங்க, காத்துப் பிரிஞ்சா விடுங்க, அழுகை வந்தாலும் விடுங்க, உடம்பு வெளிய தள்ளுறதைப் பிடிச்சு உள்ள தள்ளாதீங்க, இங்க யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க. பெண்ணுக்கு முப்பது வயசு இருக்குமா? சொல்வது அவளுக்குச் சுலபம். யாரும் யாரையும் பார்க்காத இடம் பாளையங்கோட்டையில் எங்கே இருக்கிறதாம்? வயிற்றை எக்கிப் பிடிக்கிறேன். பின்புறத்தை இறுக்குகிறேன். தொண்டையையும் இறுக்குகிறேன், ஏனென்றால் பஜ்ஜி மட்டுமா உள்ளே இருக்கிறது. உலகக்கா செத்துப்போய்விட்டாள். என் ஒரே அக்கா செத்துப்போய்ப் பதினாறும் நெருங்கிவிட்டது. நான் இன்னும் ஒரு பொட்டுக் கண்ணீர் விடவில்லை. கையில் மருதாணியோடு உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி செய்கிறேன்.

மருதாணிகூட மதி வைத்துவிட்டதுதான். எட்டாம் மாசம், வயிறு முன்னால் நிற்கிறது, தரையில் உட்கார முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து என் கையை மடியில் இழுத்துப்போட்டு வைத்துவிட்டாள். மறுநாள் விடிவதற்குள் போன் வந்தது. நான் சிவந்த கையோடு நின்றேன். சங்கரன்கோவிலில் ராத்திரி படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. இவர்தான் போனை எடுத்தார். என் வாயைத் தன் கையால் பொத்தினார், முப்பது வருஷத்தில் என்னை அப்படித் தொட்டதே இல்லை, பொத்திக்கொண்டே மதி படுத்திருக்கும் அறைக் கதவைக் கண்ணால் காட்டினார். அவ்வளவுதான், வாய்க்கு வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது. போன தடவை அஞ்சாம் மாசத்தில் மதிக்குக் கலைந்து போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, நான் என்னம்மா தப்பு செஞ்சேன் என்று கேட்டாளே, அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. இந்தத் தடவை டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள், அதிர்ச்சி ஒண்ணும் வேண்டாம், அழுகை கவலை கிட்ட வரக் கூடாது. எங்கள் பக்கத்தில் டாக்டர் சொல்லாவிட்டாலும் வழக்கம் அதுதான், வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் சாவுச் செய்தி பேசக் கூடாது. சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து அவளுக்குச் சோறு பரிமாறக் கூடாது. அவளுக்கோ தன் பெரியம்மை, அதுதான் என் அக்கா, என்றால் உயிர். தினமும் காலையில் இவள் இங்கே தோசையைப் பிய்க்க, அங்கே அக்கா தோசையைப் பிய்க்க, போனை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் எனக்குத்தான் வயிறெரியும். அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அதனால் நான் போகவில்லை. பிறந்த வீட்டுக் கோடித் துணியை இவர் கொண்டுபோய்ப் போட்டார். அக்கா முகத்தை நான் பார்க்கவில்லை. குப்புறத்தான் படுப்பாள் எப்போதும். மல்லாக்க வைத்தால் அவளுக்குத் தூக்கமே வராதே என்று எனக்கு அன்றைக்கு முழுக்க அதுதான் ஓடியது.

பாதங்களைச் சேர்த்து வைத்து முழங்காலை ஆட்டுங்க, பட்டாம்பூச்சி மாதிரி என்கிறாள் எஸ்தர். ஐம்பத்துநாலு வயசுப் பட்டாம்பூச்சி. ஆட்டுகிறேன். இடுப்பு எலும்புக்குள் ஏதோ பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. இடுப்புலதான் நாம எல்லாத்தையும் சேத்து வச்சிருக்கோம் என்பது எஸ்தரின் கட்சி. நான் சேர்த்து வைத்ததற்கு இடுப்பு பத்தாது. வகுப்புக்கே வருவதாக இல்லை நான். இவர்தான் விரட்டினார், நீ பாட்டுக்குப் போயிட்டு வா வடிவு, போகலைன்னா பிள்ள ஏன்னு கேக்கும்லா. இவர் பேசுவது எல்லாம் இப்படித்தான், முன்யோசனை மன்னர். சாவு வீட்டுக்குப் போனபோது மதியிடம் கூட வேலை பார்த்தவர் மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பும்போது குறுக்குத்துறையில் இறங்கி ஆற்றில் முங்கி, வேட்டியை மாற்றி, தலை காயும் வரை படித்துறையில் உட்கார்ந்துவிட்டு, கல்யாண வீட்டிலிருந்து வருகிறவராக வீட்டுக்குள் வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள் ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, கடையில் வாங்கிய லட்டு. யாருக்கு வரும் இந்த மூளை? மதி பையை வாங்கித் தேங்காயை எடுத்து வைத்தாள், லட்டைப் பிட்டு எனக்கு ஊட்டினாள். நான் தின்றேன். அக்காவை எரித்துவிட்டு வந்த கையால் வாங்கிய லட்டு, நன்றாக இனித்தது, அதுதான் பாவம். அப்புறம் பெரியம்மை ஏன் போனை எடுக்கவில்லை என்று மதி கேட்டாள். காசிக்குப் போயிருக்கா என்று என் வாயில் வந்துவிட்டது. காசியா, சொல்லாமலா என்றாள். திடீர்னு ஒரு கூட்டத்தோட கெளம்பிட்டாளாம், அங்க டவர் கெடைக்காதாம் என்றேன். சரிம்மா என்றாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. கெட்டிக்காரி வடிவு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்காவாக இருந்தால் இதெல்லாம் நடக்குமா? ஒரு நாழிகை தாங்கமாட்டாள். அவளுக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று கிடையாது, உள்ளே என்பதே கிடையாது. ஏப்பம் விட்டால் பக்கத்து வீட்டு மாடு திரும்பிப் பார்க்கும். என்னைக் கட்டிக்கொடுத்து வண்டியில் ஏற்றியபோது அவள் அழுத அழுகையில் வண்டி ஓட்டி வந்தவர் இறங்கி நின்றுவிட்டார், என்னம்மா யாருக்கு என்ன ஆச்சு என்று. நான் அழவில்லை, கண் மை கரையும் என்று. எதற்கெடுத்தாலும் என்னைத்தான் திட்டுவாள். உள்ள வச்சிருந்து என்னட்டி செய்யப் போற, உறையா ஊத்தப் போற? பேச்சுத்தான் அப்படியே தவிர என் மானத்தைக் காப்பாற்றியவள் அவள்தான். இவர் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு, பட்டுச்சேலையும் பயமுமாகக் கூடத்துக்கு வந்து, பெரியவர்கள் காலில் விழு என்றார்கள், விழுந்தேன், நெற்றி தரையில் படுகிற நேரம் பார்த்துப் பின்னால் சத்தம் கேட்டுவிட்டது. சின்னச் சத்தமில்லை. நான் எழுந்திருக்கவில்லை, இப்படியே தரையோடு தரையாகப் போய்விடலாமா என்று கிடந்தேன். எனக்குப் பின்னால் காபித் தட்டோடு நின்ற அக்கா கணீரென்று சொன்னாள், நாந்தான், மன்னிச்சுக்கிடுங்க, காலையில மொச்சப்பயறு தின்னுட்டேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கல்யாணம் முடிந்தது. என் மாமியார் சாகும்வரை, ஒன் அக்கா வாறாளாமே, மொச்சப்பயறு கிச்சப்பயறு வாங்கிராத என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்கா அவரைவிட ஓங்கிச் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே எனக்கு மட்டும் கண்ணடிப்பாள். இவருக்கு இன்றுவரை தெரியாது. அதற்கப்புறமும் எத்தனை இடத்தில், பஸ்ஸில், கோயில் வரிசையில், என் முகம் லேசாக மாறினால் போதும், கேட்பதற்கு முன்பே நாந்தான் என்று கையைத் தூக்கிவிடுவாள்.

எல்லாரும் மல்லாந்து படுங்க என்கிறாள் எஸ்தர். படுத்ததும் போய்க் காற்றாடியை நிறுத்துகிறாள். அவரவர் மூச்சு அவரவருக்குக் கேட்க வேண்டுமாம். கடகட நின்றதும் கூடம் இவ்வளவு பெரிதா என்று இருக்கிறது. தெருவில் கீரைக்காரி போவது கேட்கிறது, யாருடைய வளையலோ குலுங்குவது கேட்கிறது. ரெண்டு முழங்காலையும் மடக்கி, கையால கோத்துப் பிடிச்சு, வயித்தோட சேத்து அமுக்குங்க. இதன் பெயரே காற்றைப் பிரிக்கிற ஆசனம், எனக்கென்றே யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். பேருக்கு அமுக்குகிறேன். எஸ்தர் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறாள். ஆன்ட்டி, இன்னும் கிட்ட என்று என் முழங்காலில் கையை வைக்கிறாள். வேண்டாம் தாயே. நான் அழக் கூடாது, அழுதால் ராஜாத்தி மதினி என்னவென்று கேட்பாள், சொன்னால் சாயங்காலமே நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு சாவுக்குத் துட்டி கேட்க வந்துவிடுவாள், மணியடித்தால் கதவைத் திறப்பது மதி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து திறப்பாள், பெரியம்மை போயிட்டாவளாமே என்று இவர்கள் அவள் கையைப் பிடிப்பார்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக் கட்டில், சுவர். கூடாது. தொண்டையைப் பூட்டு வடிவு, நன்றாகப் பூட்டு. மேலே பூட்டினேன். கீழே திறந்துகொண்டது.

அதே சத்தம். கூடம் முழுக்கக் கேட்ட சத்தம். காது மடல் இரண்டும் சுடுகிறது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன், கிடந்து காத்திருக்கிறேன், ஒரு நொடி, இன்னொரு நொடி, ஏன் இன்னும் வரவில்லை, எதற்குக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, அப்புறம் தெரிகிறது. அந்தக் குரலுக்கு. நாந்தான் என்று பின்னாலிருந்து வருமே, கணீரென்று, அதற்கு. முப்பது வருஷமாக வந்து பழகிய காது, வரும் வரும் என்று திறந்து கிடக்கிறது. வரவில்லை. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்குகிறார்கள். வரப்போவதில்லை. இனிமேல் எந்தக் கூடத்திலும் வரப்போவதில்லை. செத்துப்போய்விட்டாள் என்று போனில் சொன்னபோது செத்துப்போகாதவள், கோடி போட்டுவிட்டு வந்தேன் என்று இவர் சொன்னபோது செத்துப்போகாதவள், இப்போது, இந்த இடத்தில், எனக்குப் பின்னால் ஆளில்லை. என் வாய் திறக்கிறது. நாந்தான் என்கிறேன். என் குரல்தான், ஆனால் பழக்கமில்லாத குரல், பெரிதாக இருக்கிறது. நாந்தான், மன்னிச்சுக்கிடுங்க. சொன்னதும் சிரிப்பு வருகிறது எனக்கு, நிஜமான சிரிப்பு, வயிறு குலுங்கி வருகிற சிரிப்பு. இரண்டு மூன்று பேர் கூடச் சிரிக்கிறார்கள். குலுங்கின இடத்திலிருந்து இன்னொன்று கழன்று மேலே வருகிறது, மார்புக்கு வருகிறது, நான் பூட்டப் பார்க்கிறேன், பூட்டு எங்கே என்று தெரியவில்லை. அக்கா என்கிறேன். அக்கா. அப்புறம் நான் என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. மூக்கிலும் வாயிலும் கண்ணிலும் ஒழுகுகிறது, ஏப்பம் வருகிறது, விக்கல் வருகிறது, ஒருக்களித்துச் சுருண்டு கிடக்கிறேன், பெற்றவள் செத்தபோதுகூட நான் இப்படி அழுததில்லை. வெட்கமே இல்லை. அதுதான் ஆச்சரியம், வெட்கத்தைத் தேடிப் பார்க்கிறேன், காணோம். விடுங்க ஆன்ட்டி, விடுங்க என்று எஸ்தர் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், தொடவில்லை, சும்மா பக்கத்தில் இருக்கிறாள். பின்வரிசைச் சிரிப்பை, சும்மா கெடங்கட்டி என்று ஒரு குரல் அதட்டுகிறது. ராஜாத்தி மதினியின் குரல்.

எவ்வளவு நேரமோ. எழுந்து உட்கார்ந்தபோது உடம்பில் எலும்பே இல்லாத மாதிரி லேசாக இருந்தது. லேசாக இருந்ததும் பயம் திரும்பி வந்துவிட்டது. மதினி தன் துண்டை என்னிடம் நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மதினி, மதிக்குத் தெரியாது, எட்டு மாசம், தயவுசெஞ்சு என்றேன். எனக்கு ஒண்ணும் கேக்கல மதினி, மொதச் சத்தமும் கேக்கல, ரெண்டாவதும் கேக்கல என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், எங்கம்மா போனப்போ நானும் ஏழு மாசம், நாப்பது நாள் கழிச்சுத்தான் சொன்னாவ, இன்னைக்கும் எனக்கு மனசு ஆறல என்றாள். போய் முகத்தக் கழுவிட்டுப் போங்க, வெளிக்குழாய்ல நல்லாக் கழுவுங்க, இப்படியே போனா பிள்ள கண்டுபிடிச்சிரும்.

வெளிக்குழாயைத் திறக்கிறேன். தண்ணீர் தொட்டியில் விழுந்து சத்தம் போடுகிறது. இந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். இத்தனை நாளும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேனே, சத்தத்தில் அழுதுவிடலாம் என்று. அழுகை வரவில்லை, வாளிதான் நிரம்பியது. நானே இப்படித் தண்ணீரை வீணாக்கிவிட்டு மதியைச் சத்தம் போடுகிறேன், நேற்றுகூடச் சொன்னேன், ஏட்டி, உள்ள போனா எவ்வளவு நேரந்தான் குழாயைத் திறந்து போடுவ, தொட்டி காலியாயிரும் என்று. அவள் வெளியே வந்து, சரிம்மா என்றாள். முகம் கழுவியிருந்தாள். கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டுட்டுது என்றாள். கை குழாயின் மேலேயே நிற்கிறது. எப்போதிருந்து மதி குழாயைத் திறந்து போடுகிறாள்? முன்னே இல்லையே. பெரியம்மை எப்போது வருவாள் என்று ஏன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை? காசிக்குப் போனவள் இத்தனை நாளாகியும் வரவில்லை என்று என் மகளா கேட்காமல் இருப்பாள், பாலில் சர்க்கரை குறைந்தாலே மூன்று தடவை கேட்கிறவள்? ஒரு பஜ்ஜியோடு தட்டைத் தள்ளிவிட்டாளே. அந்த மஞ்சள் பை. இவர் பை கேட்டபோது பரணிலிருந்து நான்தானே எடுத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் என்ன மஞ்சள் பை இருக்கிறது, மதி கல்யாணத்தில் அச்சடித்து மிஞ்சிப்போன கட்டு, அது ஒன்றுதானே. தேங்காயை எடுத்து வைத்துவிட்டு அவள் பையைத் திருப்பிப் பார்த்தாள். கூட வேலை பார்த்தவர் வீட்டுத் தாம்பூலப் பையில் அவள் பேரும் மாப்பிள்ளை பேரும் போட்டிருக்கும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பையை மடித்து வைத்தாள். லட்டைப் பிட்டு எனக்கு ஊட்டினாள். ஐயோ, தெரிந்துதான் ஊட்டினாளா? அன்றைக்கே சங்கரன்கோவிலுக்கு யாருக்காவது போன் போட்டுக் கேட்டிருப்பாள். கேட்டுவிட்டு, அம்மா தாங்கமாட்டாள், நமக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று, எட்டு மாச வயிற்றோடு குளியலறைக்குள் தனியாக நின்று. அழுகை பிள்ளைக்கு ஆகாது என்று நாங்கள் காத்தது இதைத்தான்.

குழாயை மூடினேன். முகம் கழுவவில்லை. படியில்தான் ஏறினேன், லிஃப்டுக்கு நிற்கப் பொறுமை இல்லை. கதவைத் திறந்த இவர் என்னைப் பார்த்துப் பதறிவிட்டார். என்ன வடிவு இது, முகத்தைத் துடை, பிள்ள பாத்துரும் என்று கிசுகிசுத்தார். பிள்ள எங்க என்றேன். உள்ள இருக்கு என்று குளியலறையைக் காட்டினார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. இவர் என் கையைப் பிடித்தார், அன்றைக்குப் போல வாய்ப் பக்கம் இன்னொரு கை வந்தது, நான் அதை இறக்கிவிட்டேன். எனக்கு இன்னும் பயம்தான், நான் செய்வது சரி என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் அவளைத் தனியாக நிற்க விடமாட்டேன். கதவைத் தட்டினேன். மதி என்றேன். இதோ வாரேம்மா, சோப்புப் போட்டுக்கிட்டு இருக்கேன் என்று உள்ளிருந்து சொன்னாள், மூக்கடைத்த குரல். நான் கதவோடு நெற்றியை வைத்துக்கொண்டேன்.

"குழாய மூடுட்டி. பெரியம்மைக்கு இப்படி அழுதா பிடிக்காது. வெளிய வா, சத்தமா அழுவோம்."

தண்ணீர் நின்றது. தாழ்ப்பாள் விலகுவதற்கு முன்பே அவள் அழுகுரல் வந்துவிட்டது, மூன்று மாடிக்கும் கேட்கும்படி, அச்சு அசலாக உலகக்காவின் குரல்.